கம்மி விலை ரிமோட்

மூன்றாவது ரிமோட்டையும் சக்திவேல் அண்ணன் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்.

"இதுலயும் நடுவுல சிக்னல் கட்டாவுதும்மா. வேற குடு. விலை கம்மியா பாத்துக் குடு."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. சின்னக்கடை வீதியில் ஆறு வருஷமாக இந்த ரிமோட் பொம்மைக் கடையை நடத்துகிறேன். ரிமோட் கார், பஸ், ட்ரோன் என்று இந்த ஊரில் ஓடாமல் கிடந்த எத்தனையோ என் கை பட்ட பிறகு ஓடியிருக்கின்றன. இரண்டே மாதத்தில் ஒரே ஆளிடமிருந்து மூன்று ரிமோட் திரும்பி வந்தால் கெடுவது யார் பெயர்?

வேறு ஆளாக இருந்தால் இரண்டாவது தடவையே வாசலைக் காட்டியிருப்பேன். இவர் என் மகள் கவிநிலாவின் பள்ளி வேன் டிரைவர். தினமும் நாலரை மணிக்கு அவளைக் கடை வாசலில் இறக்கிவிடுகிறவர். இன்றும் அவளை இறக்கிவிட்டு, கையோடு தன் பொம்மை பஸ்ஸையும் தூக்கிக்கொண்டு உள்ளே வந்திருந்தார். அவள் பையை வீசிவிட்டு மாடிக்கு ஓடிவிட்டாள்.

பஸ் முழங்கை நீளம் இருக்கும். ஃபோம் ஷீட்டில் அவரே வெட்டி ஒட்டியது. ஜன்னல் கம்பி, பின்னால் ஏணி, முன்னால் கட்டித் தொங்கவிட்ட குட்டி எலுமிச்சம்பழம் வரை எதையும் விடவில்லை. இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்கிற மனிதர் ரிமோட்டில் மட்டும் ஏன் கஞ்சத்தனம் பிடிக்கிறார் என்று எனக்கு விளங்கவேயில்லை.

ரிமோட்டில் பெரிய வித்தை ஒன்றும் கிடையாது. துப்பாக்கி மாதிரிப் பிடி. விசையை அழுத்தினால் வண்டி ஓடும், விரலை எடுத்தால் நிற்கும். பக்கத்தில் உள்ள குட்டிச் சக்கரத்தைத் திருப்பினால் வளையும். ஆயிரத்து எண்ணூறுக்கும் இருக்கிறது, நாலாயிரத்துக்கும் இருக்கிறது. நாலாயிரம் ரூபாய் ரிமோட்டில் சிக்னல் லேசில் அறுபடாது. அவர் ஒவ்வொரு முறையும் ஆயிரத்து எண்ணூறைத்தான் காட்டுவார்.

கடையை ஒட்டிய சந்தில் பஸ்ஸை விட்டு நானே மூன்று சுற்று ஓட்டிப் பார்த்தேன். சந்துக் கோடியில் உள்ள மின்பெட்டிக்கு அந்தப் பக்கம்கூடப் போய்த் திரும்பி வந்தது. ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

"என் கையில நல்லாத்தானே ஓடுது. உங்க கை ராசி அப்படி போலண்ணா" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை.

ரிமோட்டை அவர் கையிலேயே கொடுத்து ஓட்டச் சொல்லிவிட்டு, நான் சந்தின் நடுவில் குந்தி உட்கார்ந்தேன். பஸ்ஸுக்குள் இருக்கும் ரிசீவரில் ஒரு சிவப்பு விளக்கு உண்டு. சிக்னல் அறுந்தால் அது விட்டுவிட்டு மினுங்கும். ஜன்னல் வழியாக அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அழகாக ஓட்டினார். நிறுத்தியிருந்த ஸ்கூட்டரைச் சுற்றி வளைத்து, ரிவர்ஸ் எடுத்து, சுவரில் படாமல் நேராக்கினார். டிரைவர் டிரைவர்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது சுற்றில் பஸ் நடுச் சந்தில் நின்றது.

விளக்கு மினுங்கவில்லை. அசையாமல் எரிந்துகொண்டிருந்தது.

சிக்னல் இருக்கும்போது ஏன் நிற்கிறது என்று நிமிர்ந்து பார்த்தேன். விசையில் அவர் விரல் இல்லை.

கண்கள் திறந்துதான் இருந்தன. என் பக்கம்தான் திரும்பியிருந்தன. ஆனால் என்னைப் பார்க்கவில்லை. உதடுகள் எதையோ மெல்லுவதுபோல் அசைந்தன.

"அண்ணா" என்றேன். மறுபடியும் கூப்பிட்டேன். ஒரு பைக் ஹாரன் அடித்துக்கொண்டு அவர் சட்டையை உரசுகிற மாதிரிப் போனது. அவர் அசையவில்லை.

பத்து விநாடி இருக்கலாம், கூடவும் இருக்கலாம்.

பிறகு கண்ணைச் சிமிட்டினார். குனிந்து பஸ்ஸைப் பார்த்தார். விரலை மறுபடி விசையில் வைத்தார்.

"பாத்தியாம்மா, கட்டாயிடுச்சு."

கவிநிலா மாடியில் இருக்கிறாள் என்பதுதான் முதலில் மனதில் வந்தது. அப்பாடா என்றிருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் முதலில் வந்தது.

உங்களுக்குத்தான் ஏதோ ஆகிறது என்று ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. உள்ளே வந்து, நாலாயிரம் ரூபாய் ரிமோட்டைப் பெட்டியோடு எடுத்து அவர் முன்னால் வைத்தேன். கோளாறு ரிமோட்டில் இல்லை என்று அவருக்கே தானாகப் புரிந்துவிடட்டும் என்று பார்த்தேன்.

"இத எடுத்துட்டுப் போங்கண்ணா. காசு வேணாம். இது கட்டாகவே ஆகாது."

அவர் பெட்டியை எடுக்கவில்லை. ஒற்றை விரலால் என் பக்கம் தள்ளினார்.

"வேணாம்மா. கம்மி விலையிலயே குடு. இதுவும் நின்னுடுச்சுன்னா, அப்புறம் நான் எது மேல பழியப் போடறது?"

வாசலில் வேன் நின்றிருந்தது. அடி அண்ணாமலை வரைக்கும் இறக்கிவிட வேண்டிய பிள்ளைகள் ஏழு பேர் இன்னும் உள்ளே இருந்தார்கள். ஜன்னலோர இடத்துக்குச் சண்டை போட்டுக்கொள்வது கடைக்குள் வரைக்கும் கேட்டது.

"சாவியக் குடுங்கண்ணா" என்றேன்.

எந்தச் சாவி என்று அவர் கேட்கவில்லை.