விட்டுப்போன ஐந்து நாள்

"லெட்டர் சரியாத்தான் இருக்கு மேடம். தேதிதான் இடிக்குது" என்றார் இன்சூரன்ஸ் ஆபீசர்.

காந்திமதிக்குப் புரியவில்லை. கணவர் அரிகிருஷ்ணன் முன்பு வேலை பார்த்த கம்பெனிக்கு நான்கு முறை அலைந்து வாங்கிய கடிதம் அது. அங்கே எட்டு வருடம் அவருக்கு மருத்துவ இன்சூரன்ஸ் இருந்தது என்பதற்கு அத்தாட்சி.

"அந்த பாலிசி தொண்ணூத்தி நாலு மார்ச் முப்பத்தொண்ணோட முடிஞ்சிருக்கு. வேலை மாறினதும் சொந்தமா எடுத்தது ஏப்ரல் ஆறுலேருந்து. நடுவுல அஞ்சு நாள் விட்டுப்போச்சு. விடாம எடுத்திருந்தா பழைய நெஞ்சு வலியையும் சேர்த்துப்போம். இப்ப இது புது பாலிசி. ஆபரேஷனுக்கு ஒண்ணும் தர முடியாது."

"அஞ்சே நாள் சார்!"

"ஒரு நாளா இருந்தாலும் ரூல் அதான்."

தாம்பரத்தில் பஸ் பிடித்து ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அவள் அழவில்லை. கட்டிலில் கிடந்தவரைப் பார்த்ததும் வெடித்தாள்.

"அந்த அஞ்சு நாளும் என்னங்க பண்ணிக்கிட்டிருந்தீங்க?"

அரிகிருஷ்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "மறந்துட்டேன் காந்தி."

"எல்லாத்துலயும் அலட்சியம்! இப்ப நான் யார் வாசல்ல போய் நிக்கிறது?"

"தப்புதான்."

அதன்பிறகு அவள் அவருக்கு முகம் கொடுக்கவில்லை. சிட்லபாக்கம் வீட்டை அடமானம் வைக்க அவள் பேங்கில் காத்திருந்த மூன்றாம் நாள், ஆபரேஷனுக்கு முன்பே அவர் போய்விட்டார்.

காரியம் முடிந்த மறுநாள் இன்சூரன்ஸ் ஏஜென்ட் துளசிங்கம் துக்கம் விசாரிக்க வந்தார். காந்திமதி அவரை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"அவர்தான் மறந்துட்டார். நீங்களாவது ஞாபகப்படுத்தியிருக்கக் கூடாதா?"

துளசிங்கம் திகைத்தார். "மறந்தாரா? முப்பத்தொண்ணாம் தேதி காலையிலேயே நான் ஃபாரத்தோட இங்க வந்துட்டேனே மேடம்! நீங்க உங்க தங்கச்சி வீட்டுக் கல்யாணத்துக்குக் காஞ்சிபுரம் போயிருந்தீங்க, திரும்பி வர அஞ்சு நாளாச்சு. உங்க பேரையும் சேர்க்க உங்க கையெழுத்து வேணும். சார் பேர்ல மட்டுமாவது இன்னைக்கே போட்டுடலாம்னு எவ்வளவோ கெஞ்சினேன்... 'காந்தி வந்துடட்டும், அவளை விட்டுட்டு எனக்கு மட்டும் எதுக்கு?'ன்னுட்டார்."