முட்டையில் எழுதிய பெயர்

அந்தப் பெண் முதலில் சன்னலைத் திறந்து காட்டினாள். பிறகு குழாயைத் திறந்து காட்டினாள். வெந்நீர் வந்தது. இருவரும் நின்று அதைப் பார்த்தார்கள்.

பத்துக்குப் பத்து அறை. ஒரு கட்டில், ஒரு அடுப்பு, இடுப்பளவு உயரத்தில் ஒரு ஃப்ரிட்ஜ். அந்த அறையைச் சுற்றிக்காட்ட அவள் கால் மணி நேரம் எடுத்துக்கொண்டாள். அரண்மனைக்குக்கூட அவ்வளவு நேரம் ஆகாது.

வீட்டு உதவி அலுவலகத்திலிருந்து வந்திருந்தவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

எந்நேரமும் கக்கத்தில் ஃபைலோடு அலைவதால், காப்பகத்துப் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் ஃபைல் அக்கா. தங்க இடமில்லாத இளசுகளுக்கு அறை தேடிக் கொடுப்பது அவள் வேலை. பதினாறு வருடமாக அதைத்தான் செய்கிறாள்.

அறை கொடுப்பதோடு முடிவதில்லை. மூன்று மாதம் கழித்து வந்து பார்த்து, பிள்ளை இங்கே காலூன்றிவிட்டதா என்று எழுதித் தர வேண்டும். ஆம் என்றால் அறை அதற்கே. இல்லை என்றால் சாவி வேறு கைக்குப் போகும், பிள்ளை மறுபடி காப்பகத்துக்குப் போகும்.

அப்படித் திரும்பிப் போனவர்கள் நிறைய. ஒருவன் தூங்கும்போதுகூடக் காலணியைக் கழற்றியதில்லை. இன்னொருத்தி கடைசிவரை பையைப் பிரிக்கவே இல்லை. யாராவது வந்து எழுந்து போ என்று சொல்லிவிடுவார்கள் என்ற பயம் லேசில் விடுவதில்லை.

இந்தப் பெண்ணுக்கு இருபது வயது. பதினான்கிலிருந்து எட்டு இடம் மாறிவிட்டாள். இவளாவது தப்பித்துக்கொள்ள வேண்டும் என்று ஃபைல் அக்காவுக்கு உள்ளூர ஆசை.

கட்டிலில் விரிப்பு கசங்கியிருந்தது. நல்லது. காலணி கதவோரம் கிடந்தது. நல்லது.

ஃபைல் அக்கா ஃப்ரிட்ஜைத் திறந்தாள்.

மேல்தட்டு முழுக்கப் பெயர்கள். பால் பாட்டிலில் காகிதம் ஒட்டிப் பெயர். தயிர் டப்பாவில் பெயர். ஆறு முட்டைகளிலும் பேனாவால் எழுதிய பெயர்.

அது காப்பகத்துப் பழக்கம். அங்கே நாற்பது பேருக்கு ஒரே ஃப்ரிட்ஜ். பெயர் எழுதாத பொருள் பொதுச்சொத்து. எழுதிய பொருளும், கொஞ்சம் கண்ணசந்தால், பொதுச்சொத்துதான்.

ஆனால் இது தனி அறை. சாவி இவள் கையில். இங்கே யாரிடமிருந்து எதைக் காப்பாற்ற இத்தனை பெயர்? உடம்பு மட்டும்தான் குடிவந்திருக்கிறது என்று நினைத்தபோது ஃபைல் அக்காவுக்கு மனசு கனத்துப் போயிற்று.

குனிந்து எழுத்தைப் படித்தாள். நிலைமை அதைவிட மோசம்.

ஒல்லி. வாயாடி. தூங்குமூஞ்சி. ஒன்றில்கூட இவள் பெயர் இல்லை. மூன்றும் காப்பகத்தில் இவளோடு ஒரே அறையில் இருந்த பிள்ளைகளின் பட்டப்பெயர்கள். தூங்குமூஞ்சியின் விண்ணப்பம் இப்போதுகூட இந்த ஃபைலில்தான் இருக்கிறது, வரிசையில் பதினொன்றாவதாக.

ஓர் அறைக்கு ஓர் ஆள் என்பது விதி. திருட்டுத்தனமாக நாலு பேர் தங்குவது தெரிந்தால் நாளைக்கே அறையைப் பிடுங்கிவிடுவார்கள்.

இங்கே யார் யார் தங்குகிறீர்கள் என்று கேட்டாள். குரல் அவள் நினைத்ததைவிடக் கடுமையாக வந்துவிட்டது.

அந்தப் பெண் பதறவில்லை. யாரும் தங்குவதில்லை என்றாள். காப்பகத்தில் வைத்தால் எல்லாம் காணாமல் போகிறது, அதனால் அவர்கள் வாங்குவதை இவள் இங்கே பத்திரமாக வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மூவரும் வருவார்கள். சேர்ந்து சமைத்துச் சாப்பிட்டுவிட்டு, இருட்டுவதற்குள் கிளம்பிவிடுவார்கள். பாத்திரம் கழுவாமல் நழுவுகிறவர்களுக்கு அடுத்த வாரம் சோறு கிடையாது என்று சட்டமே போட்டிருக்கிறாளாம். வாயாடி ஒரு வாரம் பட்டினி கிடந்ததாகவும் சொன்னாள்.

பகலில் விருந்தாளிகள் வந்துபோகத் தடையில்லை. அது ஃபைல் அக்காவுக்குத் தெரியும்.

மூன்று மாதத்துக்கு முன்னால் துண்டை மாட்ட ஓர் ஆணிகூடச் சொந்தமாக இல்லாதவள். இன்று மூன்று பேர் வாரம் முழுக்க இவள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருக்கிறார்கள். ஃபைல் அக்கா அறையை மறுபடி ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். இந்தப் பத்துக்குப் பத்தில் இவ்வளவு இடமா?

ஆனாலும் ஒன்று உறுத்தியது. மறுபடி குனிந்து பார்த்தாள். கீழ்த்தட்டில் ரொட்டி, ஆப்பிள், பாதி சாப்பிட்ட சாக்லெட், எல்லாம் வெறுமனே கிடந்தன. எதிலும் எழுத்தில்லை. அடுத்தவர்களுக்கெல்லாம் பெயர் எழுதி வைத்தவளுக்குத் தன் பெயரை எழுத மட்டும் இன்னும் துணிச்சல் வரவில்லையோ?

"உன் பேரு எங்கம்மா?"

அந்தப் பெண்ணுக்குக் கேள்வி புரியவில்லை. ஃப்ரிட்ஜைப் பார்த்தாள், ஃபைல் அக்காவைப் பார்த்தாள்.

"என் பேரு எதுக்குக்கா? வீடே என்னோடதுதானே."