வாசலில் கிடந்த செருப்பு

"நிறுத்துங்க சார்! எங்க வீட்டுக்காரவுக உள்ள படுத்திருக்காவ!"

கத்திக்கொண்டே ஜெசிந்தா ரம்பத்தால் பட்டையை அறுத்தாள். ஒன்றை அறுத்தால் அடுத்தது இறுகியது.

சுவரும் கூரையும் இல்லாத அந்தக் கன்டெய்னர் மேடையில் ராட்சதக் காற்றாலை இறக்கை ஒன்று கிடந்தது. சரக்கை மேடையே பட்டைகளால் கட்டிக்கொள்ளும். அசைவு அடங்குகிற வரை இறுக்கிக்கொண்டே போகும். நடுவில் நிறுத்த வழியில்லை.

மதிய வெயிலுக்குத் தூத்துக்குடித் துறைமுகத்து ஆட்கள் இறக்கையின் குடைவுக்குள்தான் கண் அயர்வார்கள். வாசலில் செருப்பு கிடந்தால் உள்ளே ஆள் உண்டு என்று அர்த்தம். நேற்று வேலைக்கு வந்த சூப்பர்வைசர் தயாளனுக்கு அது தெரியவில்லை. ஜெசிந்தாவின் கணவன் சூசையின் செருப்பைக் காலால் ஓரம் தள்ளிவிட்டு, பட்டை கட்டும் பொத்தானை அழுத்திவிட்டார்.

"தூங்க வேற இடமா கிடைக்கல அந்த ஆளுக்கு?" என்றார் தயாளன்.

உள்ளிருந்து தடதடவென்று உதைக்கும் சத்தம் கேட்டது. உதைக்க உதைக்கப் பட்டைகள் இறுகின. இறக்கையின் ஓடு நெறிபட்டு விரிசல் விட்டது.

தயாளன் மைக்கை எடுத்து அலறினார். "சூசை! அசையாதே! அசைஞ்சா இறுக்கும்! மூச்சைப் பிடிச்சுட்டு அப்படியே கெட!"

உதை நின்றது. பட்டைகளும் நின்றன. மேடையில் பச்சை விளக்கு எரிந்தது.

"அப்பாடா! சொன்ன பேச்சைக் கேட்டுட்டான் பாரு!" தயாளன் நெற்றி வியர்வையை வழித்துக்கொண்டு சிரித்தார்.

ஜெசிந்தாவின் கையிலிருந்து ரம்பம் நழுவி விழுந்தது.

"அவுகளுக்குக் காது கேக்காது சார்."