மைக்கு அடியில்

மருத்துவமனைக்குக் கிளம்பும்போதெல்லாம் பவானிதான் தங்கை குமுதாவுக்குக் கண்மை தீட்டிவிடுவாள். விழித்திரைக்கு அடியில் நீர் கோத்துக்கொண்டதிலிருந்து குமுதாவுக்கு எல்லாமே குளத்துக்குள் கிடப்பதுபோல் ஆடின. கண்ணாடியில் தன் முகமே தெரியவில்லை. நீர் தானாக வடிந்துவிடும் என்று முதல் டாக்டர் சொன்னதை நம்பிக் காத்திருந்தார்கள். வடியவில்லை. ஒரு கண்ணில் தொடங்கியது மறு கண்ணிலும் இறங்கியது.

அன்று புதிதாக ஒரு டாக்டரம்மா ஸ்கேன் படத்தை வெகுநேரம் பார்த்தார். "காது இரையுதாம்மா? தலை சீவுறப்ப வலிக்குதா?"

"ரெண்டும் உண்டு டாக்டர். கண்ணுக்குக் காட்ட வந்த எடத்துல காதைப் பத்தி எதுக்குன்னு சொல்லல," என்றாள் குமுதா.

"மையை அழிச்சுட்டு வாங்க."

குழாயடியில், நனைத்த பஞ்சோடு பவானி அப்படியே நின்றாள்.

"அழிச்சுடுக்கா. என்னைப் பொண்ணு பாக்கவா வந்திருக்காங்க?" என்று குமுதா சிரித்தாள்.

கறுப்பு வழிந்தோடிய இடத்தில் இமைமுடிகள் வெள்ளை வெளேரென்று நின்றன. பவானிக்கு மட்டுமே தெரிந்த வெள்ளை அது. தங்கை பயந்துவிடுவாள், நாலு பேர் பேசுவார்கள் என்று அவள்தான் ஒவ்வொரு முடியாகக் கறுப்பாக்கி வைத்திருந்தாள்.

டாக்டரம்மா இமையைத் தூக்கிப் பார்த்தார். "காது இரைச்சல், தலை வலி, இது, எல்லாமே கண்ணுல நீர் கோக்கற அதே நோயோட அடையாளம்தான். இதை முன்னாடியே பாத்திருந்தா அப்பவே வேற மருந்து ஆரம்பிச்சிருக்கலாமே. இனி எவ்வளவு பார்வை திரும்பும்னு சொல்ல முடியாது."

குமுதா அக்கா நிற்கும் பக்கமாகத் திரும்பினாள். "எதைக்கா? என் கண்ணுல என்ன இருக்கு?"

பவானி சொல்ல வாய் திறந்தாள். விரல்கள் பைக்குள் மைடப்பாவைத் தேடிக்கொண்டிருந்தன.