எல்லாரும் எடுக்கும் சோதனை

“பிரஷ் வெச்சியா? கம்பளிக் காலுறை?” காரைக் கிளப்பியபடியே பிர்த்தெ கேட்டாள். மருமகளை உல்லாசப் பயணம் அனுப்பிவைப்பவள் மாதிரி.

ரிக்கெ தலையாட்டினாள். வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் என்று உறுதியாகிவிட்டது. கலைப்பதற்கான மாத்திரையை இன்று ஆஸ்பத்திரியில் விழுங்க வேண்டும்.

சோதனை வேண்டுமா என்று யாரும் அவளை நிறுத்திக் கேட்கவில்லை. அவளும் எதற்கு என்று கேட்கவில்லை. ஸ்கேன் என்றால் குழந்தையின் படத்தை வாங்கிக்கொண்டு, திரும்பும் வழியில் கேக் சாப்பிடுவது. ஊரில் எல்லாருக்கும் அப்படித்தான்.

“எஸ்பென் என்ன சொன்னான்?” மகனைப் பற்றிக் கேட்டாள் பிர்த்தெ.

“உன் இஷ்டம்ங்கறான். நடுக்கடல்ல காத்தாலை மேல வேலையில நின்னுக்கிட்டு வேற என்ன சொல்வான்.”

“அவன் அப்பன் என்னை அந்த அளவுக்குக்கூடக் கேக்கலை.”

எந்த விஷயத்தில் என்று ரிக்கெ விசாரிக்கவில்லை. ஹோர்சென்ஸ் ஊரைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. அழுகை வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி உடம்பு முழுக்க மரத்திருந்தது.

பிர்த்தெயின் மூத்த பிள்ளை பிறந்த அன்றே செத்துப்போனதாகக் குடும்பத்தில் சொல்வார்கள். கல்லறை இடத்தின் குத்தகை முடிந்து, கல்லையும் எடுத்துவிட்டார்களாம். ஆனாலும் பிர்த்தெ ஞாயிறு தவறாமல் ஒரு பை நிறைய இலவங்கப்பட்டை பன் வாங்கிக்கொண்டு தனியாகக் கிளம்பிவிடுவாள்.

“பிர்த்தெ, உங்க காலத்துல இந்தச் சோதனை இருந்திருந்தா எடுத்திருப்பீங்களா?”

“எடுத்திருப்பேன்.”

“கலைச்சிருப்பீங்களா?”

வைப்பர் போய் வந்தது. “கலைச்சிருப்பேன். டாக்டர் என்ன சொன்னாலும் சரின்னு செய்யறவ நான். அப்ப அப்படித்தான் இருந்தேன்.”

ரிக்கெக்கு அது ஒரு விதத்தில் ஆறுதலாக இருந்தது.

ஆஸ்பத்திரித் திருப்பம் வந்தது. கார் திரும்பவில்லை.

“வழியை விட்டுட்டீங்க.”

“நேரம் இருக்கு. மாத்திரை எங்கயும் ஓடிப்போகாது. அப்புறமும் போகணும்னு நீ சொன்னா நானே கொண்டுபோய் விடறேன்.”

ஒரு செங்கல் வீட்டின் முன்னால் வண்டி நின்றது. கோட்டுகூடப் போடாமல் ஓர் ஆள் மழையில் ஓடி வந்தான். குட்டை உருவம், நரைத்த தலை. டவுன் சிண்ட்ரோம் பற்றி ஆஸ்பத்திரியில் கொடுத்த சின்னப் புத்தகத்தின் அட்டையில் பார்த்த அதே சாய்ந்த கண்கள். தாடை மட்டும் அப்படியே எஸ்பென்.

பிர்த்தெ உட்கார்ந்திருந்த பக்கத்துக் கதவை அவன் திறந்து, குனிந்து, ரிக்கெயை உற்றுப் பார்த்தான்.

“அம்மா, யாரு இது?”