ஸ்டோரிக்கு விட்ட இடம்

“மனிசன் விட்டிட்டுப் போய் எவ்வளவு காலம், அக்கா?”

விண்ணப்பம் நிரப்ப வந்த சிவதர்சினி பேனையைத் திறந்தபடி கேட்டாள். இரண்டு வருசம் என்றாள் கமலேஸ்வரி. அந்த மனிசன் கனகலிங்கம், வீட்டில் கிடந்த தன் உடுப்புகளை ஒரு பைக்குள் திணித்து ஒளித்துக்கொண்டு, குசினிக் கதவுக்குப் பின்னால் அடுப்பு மூலையில் மூச்சைப் பிடித்தபடி குந்தியிருந்தான்.

தனியாகக் குடும்பம் நடத்தும் பெண்களுக்குத் தையல் மெசின் கொடுக்க ஒரு நிறுவனம் வட்டக்கச்சியில் விண்ணப்பம் எடுத்திருந்தது. ஒரேயொரு மெசின்தான் மிச்சம். அது கிடைத்தால் பள்ளிக்கூடச் சட்டைகள் தைத்தே மகளைப் படிப்பித்துவிடலாம் என்று கமலேஸ்வரி நம்பியிருந்தாள்.

பெயர் பதிந்தது கனகலிங்கத்தின் யோசனை. படிவத்தின் கடைசியில் ஸ்டோரி என்று ஒரு பெரிய பெட்டி இருந்தது. ஸ்டோரி என்றால் கதை, கதை என்றால் கட்டலாம், உண்மை வேண்டுமென்றால் வேறு சொல் போட்டிருப்பார்கள் என்று அவன் விளங்கப்படுத்தினான். கொழும்புக்கு வேலைக்குப் போனவர், திரும்பி வரவில்லை என்று இரண்டு வரி சொல்லிக்கொடுத்து, மூன்று நாளாக அவளை ஒப்புவிக்கவும் வைத்தான்.

சிவதர்சினியின் கண் வீட்டை ஒருமுறை சுற்றிவந்து குசினிக் கதவில் நின்றது. போன கிழமை அடுத்த ஒழுங்கையில் நடந்ததைச் சொன்னாள். “செத்துப்போன மனிசனே வந்து எனக்குக் கதிரை எடுத்துப் போட்டவர், அக்கா. இருங்கோ தங்கச்சி எண்டும் சொன்னவர்.”

கமலேஸ்வரி சிரிக்கவில்லை. “ஸ்டோரி எண்டால் நடந்ததோ தங்கச்சி, கட்டினதோ?”

“நடந்ததுக்குத்தான் அந்தப் பெட்டி. சனம்தான் கட்டித் தருது.” பேனை பெட்டிக்கு மேலே வந்து நின்றது. “உங்கட ஸ்டோரியைச் சொல்லுங்கோ.”

கமலேஸ்வரி குசினிப் பக்கம் பார்த்தாள். பிறகு சொல்லத் தொடங்கினாள். அதில் கொழும்பு வரவேயில்லை.

தாய்மாமன் தந்த தையல் மெசின் ஒன்று அவளிடம் இருந்ததாம். இந்த மாசியில் ஒருநாள் வயலால் வந்து பார்த்தால் அது இல்லையாம். களவு போய்விட்டது என்று மனிசன் தலையில் அடித்துக்கொண்டு, அவளைச் சைக்கிளில் ஏற்றிப் பொலிசுக்குக் கூட்டிப்போனானாம். பக்கத்து வீட்டு மூக்கனில் சந்தேகம் என்று அவளைக் கொண்டே சொல்லவைத்தானாம். மூக்கனை இரண்டு நாள் அங்கே வைத்திருந்தார்களாம்.

குசினிக்குள் ஏதோ விழுந்து உருண்டது. சிவதர்சினி நிமிர்ந்தாள்.

“பூனை” என்றாள் கமலேஸ்வரி.

நாலு மாதம் கழித்து ஸ்கந்தபுரத்தில் பெரியபிள்ளையான ஒரு பெட்டையின் சாமத்திய வீட்டுக்குப் போன இடத்தில் அந்த மெசினைக் கண்டாளாம். மகள் காம்பசால் கீறிய கோழிக்குஞ்சு பலகையில் அப்படியே இருந்ததாம். யார் விற்றது என்று கேட்டதற்கு, வீட்டுக்காரி இவளுடைய மனிசனின் பெயரைத்தான் சொன்னாளாம்.

“மனிசனிட்டைக் கேட்டனீங்களோ?”

“கேக்கேல்லை. எனக்குத் தெரியுமெண்டே அவருக்குத் தெரியாது. மூக்கன் அண்ணையைக் கண்டால் மட்டும் என்னால நிமிந்து பாக்கேலாது.”

சிவதர்சினி எழுதுவதை நிறுத்தினாள். முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். பொய் என்று ஒரு சொல் எழுதினால் போதும், மெசின் வேறு வீட்டுக்குப் போய்விடும்.

“மெசின் இந்த மாசியில போனது எண்டுறியள். மனிசன் போய் ரெண்டு வருசம் எண்டுறியள். இதில எது அக்கா கட்டினது?”

கமலேஸ்வரி குரலைப் பெரிதாக உயர்த்தவில்லை. ஆனாலும் குசினி வரைக்கும் கேட்கும்படி சொன்னாள்.

“எல்லாம் நடந்தது, தங்கச்சி. அவர் போனது மட்டும்தான் இன்னும் நடக்கேல்லை.”

கதவு திறந்தது. சாரமும் சேட்டும் திணித்த அந்தப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு கனகலிங்கம் இரண்டு பேருக்கும் நடுவால் நடந்து, வாசல் படலையைத் திறந்து போனான்.