தண்ணியா, கெட்டியா?

"தண்ணியா இருக்கற லிக்விடுக்கும் கெட்டியா இருக்கற லிக்விடுக்கும் என்ன வித்தியாசம், கண்ணு?"

மேவிஸ் கேட்டதும் டாரனுக்குச் சுறுசுறுவென்று கோபம் ஏறியது. இதே கேள்வியைச் செவ்வாய்க்கிழமை கேட்டாள். போன வாரம் இரண்டு தடவை கேட்டாள். எழுபது வயதிருக்கும். இங்கிலாந்தின் கிரிம்ஸ்பியில் இ-சிகரெட் கடை வைத்தால் இப்படியும் ஒரு சோதனை வரும் என்று யாரும் அவனிடம் சொல்லியிருக்கவில்லை.

போதாக்குறைக்கு, காது கேளாதவனிடம் பேசுவதுபோல அத்தனை உரக்கக் கேட்கிறாள்.

ஜன்னலோரச் சோபாவில் பழைய வாடிக்கையாளர்கள் மூன்று பேர் புகை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு அதுதான் கிளப். புதிதாக வருகிறவர்கள் அசட்டுத்தனமாக ஏதாவது கேட்டால் சிரிப்பதுதான் பொழுதுபோக்கு. டாரனும் சேர்ந்து சிரிப்பான். மனதில் எதையும் வைத்துக்கொண்டு அல்ல, சும்மாதான்.

"பாட்டி ஆரம்பிச்சாச்சுப்பா," என்றான் ஒருவன். மற்ற இருவரும் சிரித்தார்கள்.

டாரன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். "சின்னதா பேனா மாதிரி இருக்கறதுல தண்ணியா இருக்கறதைத்தான் ஊத்தணும். கெட்டியானதை ஊத்தினா உள்ள இருக்கற பஞ்சு உறிஞ்சாது. காஞ்ச பஞ்சு கருகி, வாயெல்லாம் தீஞ்ச நாத்தம் அடிக்கும். கெட்டியானது பெரிய மெஷினுக்கு. போதுமா?"

"போதும் கண்ணு. ஒரு நாளைக்கு இருபது சிகரெட் பிடிக்கறவங்க எந்த நம்பர்ல ஆரம்பிக்கணும்?"

"பதினெட்டு. நிகோடின் அளவு அதுக்குக் கீழ போனா பத்தாது, மறுபடி சிகரெட்டைத்தான் தேடும். ஆமா, செவ்வாக்கிழமை பத்து சிகரெட்டுன்னீங்க. அதுக்கு முன்னாடி நாப்பதுன்னீங்க. நிஜமா எத்தனைதான் பிடிக்கறீங்க?"

"அது மாறிக்கிட்டே இருக்கு, கண்ணு."

சோபாவில் வெடிச்சிரிப்பு.

மேவிஸுக்குப் பின்னால், மீன் மார்க்கெட்டின் வெள்ளை ரப்பர் பூட்ஸ் போட்ட ஒருவர் முதுகைக் காட்டியபடி அலமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். பத்து நிமிடமாக அதே பாட்டிலைத்தான் பார்க்கிறார். வாங்க வந்தவரைக் காக்க வைக்கிறோமே என்று டாரனுக்கு உறுத்தியது.

"இருமல் வந்தா விட்டுடணுமா?" என்று இன்னும் உரக்கக் கேட்டாள் மேவிஸ்.

டாரனின் பொறுமை அதோடு போயிற்று.

"சிகரெட் மாதிரி வெடுக்குன்னு இழுக்கக் கூடாது. மெதுவா இழுத்தா இருமல் அடங்கிடும். இதையும் சொல்லியாச்சு, மேவிஸ். மறதின்னா டாக்டரைப் போய்ப் பாருங்க. நிஜமாவே வாங்க வந்தவர் பின்னாடி நிக்கறார். இனிமே ஏதாவது வாங்கறதா இருந்தா மட்டும் கடைக்கு வாங்க."

மேவிஸின் முகம் சிவந்தது.

"சரி, கண்ணு." கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வெளியே போனாள்.

பூட்ஸ்காரர் கல்லாவுக்கு வந்தார். "சின்னப் பேனா ஒண்ணு. தண்ணியா இருக்கற லிக்விட், பதினெட்டு. புகையிலை ருசி."

"பரவாயில்லையே, எல்லாம் தெரிஞ்சு வெச்சிருக்கீங்களே."

"எனக்கு என்ன தெரியும்? இப்ப நீங்க அந்தம்மாகிட்ட சொன்னதுதான்." சோபாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அடுத்த மாசம் கால்ல ஆபரேஷன். சிகரெட்டை விட்டாத்தான் செய்வேன்னுட்டார் டாக்டர். இல்லேன்னா காலே போயிடுமாம். மூணு நாளா உங்க கடை வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போறேன். இந்த வயசுல ஒண்ணும் தெரியாம வந்து நிக்க வெக்கமா இருந்துது. எதிர்ல பஸ் ஸ்டாப்புல உக்காந்திருந்த அந்தம்மாதான், 'எத்தனை பிடிக்கறீங்க'ன்னு கேட்டாங்க. இருபதுன்னேன். 'நீங்க உள்ள வந்து அலமாரியைப் பாத்துக்கிட்டு நில்லுங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்'னாங்க."

டாரன் பொருளைக் கொடுத்து அனுப்பிவிட்டு, கடையைச் சோபாக்காரர்களிடம் விட்டுவிட்டு, பஸ் ஸ்டாப்புக்கு ஓடினான்.

மேவிஸ் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பத்து, இருபது, நாப்பதெல்லாம் வேற வேற ஆளா, மேவிஸ்?"

அவள் தலையாட்டினாள்.

"அவங்களுக்கு வாய் இல்லையா? உங்களுக்கு எதுக்கு இந்த வேலை?"

"எங்க வீட்டுக்காரர் ராய்க்கும் வாய் இருந்துது, கண்ணு. மூணு வருஷம் முன்னாடி உன் கடையிலதான் வாங்கினார். சின்னப் பேனாவுல கெட்டியானதை ஊத்திட்டார். ஒரே தீஞ்ச நாத்தம். என்னன்னு கேக்கலாம்னு மறுநாள் வந்தார். வாயைத் திறந்ததுமே சோபாவுல சிரிச்சாங்களாம். அப்படியே வீட்டுக்கு வந்து பழைய சிகரெட்டையே பத்த வெச்சுட்டார்."

"இப்ப எப்படி இருக்கார்?"

"போன நவம்பர்ல போயிட்டார். நுரையீரல்."

"அன்னிக்கு நானும் சிரிச்சேனா?"

"அவர் சொல்லலை. நானும் கேக்கலை."

பஸ் வந்து நின்றது. டாரன் அவள் பையை வாங்கிக்கொண்டு கூடவே நடந்தான்.

"என்னை மன்னிச்சுடுங்க, மேவிஸ். செவ்வாக்கிழமை கண்டிப்பா வாங்க. நீங்க வர்றதுக்குள்ள அந்தச் சோபாவைத் தூக்கி வெளியே போட்டுடறேன்."

"அதெல்லாம் வேண்டாம். சிரிக்கறவங்க என்னைப் பாத்தே சிரிச்சுக்கட்டும்," என்று பையை வாங்கிக்கொண்டு படியில் கால் வைத்தாள் மேவிஸ். "நான்தான் சிகரெட்டே பிடிக்கறதில்லையே, கண்ணு. எனக்கு ஒண்ணும் ஆயிடாது."